கோயில்காட்டை மீட்பது எப்படி: விதை, நாற்று, ஊர்க்கூலி

மரம் நடக் கிளம்புகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் குழியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூறு கன்று, ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ. அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் கூண்டு இருக்கும், உள்ளே காய்ந்த குச்சி இருக்கும். எந்த மண்ணுக்கு எந்தக் கன்று, தண்ணீர் யார் விடுவது, அந்த இடத்தில் இத்தனை வருடம் ஆடு மேய்த்தவர் இனி எங்கே ஓட்டுவார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே நான் எழுதுவது சோழமண்டலக் கரையோரத்துக் கோயில்காடுகளுக்கு. மரக்காணம், கடலூர், புதுக்கோட்டை என்று வேதாரண்யம் வரைக்கும் ஏரிக்கரையிலும் மேட்டிலும் அய்யனாருக்கோ காளிக்கோ விட்டுவைத்த துண்டுக் காடுகள். உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். பாதி வருடத்துக்கு மேல் வறட்சி, மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும், ஆனாலும் இலை கொட்டாத மரங்கள். உயரம் முப்பது நாற்பது அடிதான். பாலை (உலக்கைப்பாலை), வீரை, காயா, இரும்பிலி, கருங்காலி, காட்டு எலுமிச்சை, இவற்றின்மேல் ஏறிக் கிடக்கும் கொடிகள். கோயில் இல்லாத இடத்தில் இந்தக் காடு ஏறக்குறைய போய்விட்டது. ஒரு நல்ல துண்டைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர அய்யனார் கோயிலுக்குப் போய்வாருங்கள்.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் பைசா பிரயோஜனம் இல்லாத காடு நிற்காது. ஆனால் அந்தப் பைசா காட்டைத் தோண்டி வரக்கூடாது. விதை பொறுக்கிய கூலி, நாற்று விற்ற காசு, காவலுக்குச் சம்பளம், இலை பறித்த வருமானம் என்று வரவேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்து எழுதியது.

1. நிலம் யார் பேரில் இருக்கிறது?

ஆர்வத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் படி. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யார் பேரில் என்ற கணக்கு) புல வரைபடத்தையும் பாருங்கள். பொதுவாக நான்கில் ஒன்றாக இருக்கும்: கோயில் நிலம், அரசுப் புறம்போக்கு (மேய்க்கால், ஏரி, தோப்பு), வனத்துறை நிலம், தனியார் பட்டா. கோயில் நிலம் என்றால் அறநிலையத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள கோயிலா, ஊரார் நிர்வாகமா என்று தெரியவேண்டும். புறம்போக்கு என்றால் ஊராட்சித் தீர்மானம் வேண்டும். வனத்துறை நிலத்தில் அவர்களைக் கேட்காமல் ஒரு குழிகூட வெட்டாதீர்கள். அங்கே பழங்குடி மக்களோ தலைமுறைகளாக வனத்தை நம்பி வாழ்பவர்களோ இருந்தால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குச் தேன், பழம், மூலிகை போன்ற மரமல்லாத வனப்பொருள்களில் (சிறு வன மகசூல்) உரிமை தருகிறது, அதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். எல்லைக் கல் எங்கே என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் வேலி போட்டால் பக்கத்து நிலக்காரரோடு பத்து வருடப் பஞ்சாயத்து நிச்சயம்.

2. காட்டை யார் யார் பயன்படுத்துகிறார்கள்?

கூட்டம் போட்டால் பேசுகிறவர்கள் பேசுவார்கள், காட்டுக்குள் தினமும் போகிறவர்கள் பின்னால் நிற்பார்கள். அதனால் கூட்டத்துக்கு முன்னால் தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள்: ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்கும் பெண்கள், பச்சிலை எடுக்கும் வைத்தியர், தேன் எடுப்பவர், பூசாரி. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் இருந்தால் அவரும். எந்த மாதம் என்ன எடுக்கிறார்கள், எவ்வளவு, அதில் எவ்வளவு விற்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். "நீங்க வேலியப் போட்டுட்டுப் போயிடுவீங்க தம்பி, நான் ஆட்ட எங்க ஓட்டுறது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பதில் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரேயடியாக அடைக்காமல் கால்வாசியை மட்டும் மூன்று வருடம் மூடுங்கள், கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வந்ததும் அதைத் திறந்து அடுத்த கால்வாசியை மூடுங்கள். நாற்றங்காலுக்கு எரு வேண்டும், அதை அந்த ஆட்டுக்காரரிடமே விலைக்கு வாங்குங்கள். காவலுக்கு ஆள் போடுவதாக இருந்தால் அவரையே போடுங்கள். எந்த ஆடு யாருடையது என்று அவரைவிடத் தெரிந்தவர் ஊரில் கிடையாது.

இன்னொரு தரப்பையும் விட்டுவிடாதீர்கள்: திருப்பணிக் கமிட்டி. முன்பு காட்டில் ஒரு சுள்ளி ஒடித்தாலும் சாமி குத்தம் என்று பயந்த ஊர்களில், இன்று கும்பாபிஷேகம் என்ற பேரில் டைல்ஸ் தரை, சிமெண்ட் மண்டபம், கார் நிறுத்த இடம் என்று மரத்தைச் சாய்க்கிறார்கள். என் கணக்கில் கோடரியைவிட இது பெரிய ஆபத்து, ஏனென்றால் இதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. கமிட்டிக்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். கட்டடம் எதுவரை, காடு எதிலிருந்து என்று கோடு போட்டுத் தீர்மானத்தில் ஏற்றிவிடுங்கள். பழைய கட்டுப்பாட்டைச் சாமி முன்னால் மறுபடி சொல்லவைக்கப் பூசாரியால் முடியும், உங்களால் முடியாது.

3. இருப்பதைக் கணக்கெடுங்கள்

குறைந்தது ஒரு முழு வருடம், மாதம் ஒரு நடை. வெயிலில் பார்த்தது மழையில் வேறாக இருக்கும். செங்காந்தள் மழைக்குப் பிறகுதான் கிழங்கிலிருந்து கிளம்பும், கோடையில் நீங்கள் அது நிற்கும் இடத்தை மிதித்துக்கொண்டே போவீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எப்போது பூ, எப்போது பழம், எத்தனை தாய்மரம், அடியில் இளங்கன்று உண்டா என்று குறியுங்கள். இளங்கன்று உண்டா என்பதுதான் முக்கியமான கேள்வி. பெரிய பாலை மரங்கள் இருபது நின்று அடியில் ஒரு கன்றுகூட இல்லையென்றால் அந்தக் காடு வயதான காடு, அவ்வளவுதான்.

வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்காத மரம் எதற்கு என்று ஆண் மரங்களை வெட்டிவிட்டால் மீதி மரங்களும் காய்க்காது. சீந்தில் கொடியிலும் இப்படித்தான்.

ஊர்ப் பெயர்களை அப்படியே எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை எல்லாம் பேச்சில் வெறும் பாலை ஆகிவிடும், விதை வாங்க வருகிறவருக்கு வேறு மரம் போய்விடும். பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து எடுத்துப் போனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், திருச்சி தூய வளனார் கல்லூரி ராப்பினாட் உலர்தாவரகம் (காயவைத்த செடி மாதிரிகளின் காப்பகம்), கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகம் போன்ற இடங்களில் ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

கருங்காலி நிற்கும் இடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். கருங்காலி மாலை மோகம் கிளம்பிய பிறகு அதற்கு எவ்வளவு தேடல் என்று உங்களுக்கே தெரியும்.

4. காகிதத்தில் ஏற்றுங்கள்

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும். உங்கள் ஊரிலும் அநேகமாக இருக்கிறது, ஃபைலில். அதன் உறுப்பினர்கள் யார் என்று ஊராட்சியில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எடுத்த கணக்கு அந்தக் குழுவின் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டில் ஏறவேண்டும். வைத்தியர் சொன்ன மருந்து முறைகளை அவர் விரும்பினால் மட்டும் எழுதுங்கள். வெளியே காட்டாமல் மறைவாக வைக்க வழி இருக்கிறது. ஊர் எல்லைக்குள் வணிகத்துக்காகத் தாவரங்களைச் சேகரிப்பவர்களிடம் கட்டணம் வாங்கும் அதிகாரமும் இந்தக் குழுவுக்கு உண்டு. இது பல ஊராட்சித் தலைவர்களுக்கே தெரியாது.

காடு உண்மையிலேயே சிறப்பானது என்றால் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கேட்கலாம். தமிழ்நாட்டில் முதலாவது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022. அடுத்தது திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு, 2025; அது வெறும் பன்னிரண்டு ஏக்கர் சொச்சம்தான். அதனால் நம்முடையது சின்னக் காடு என்று தயங்க வேண்டாம்.

5. களையெடுப்பு: அவசரப்படாதீர்கள்

சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டு ஒரே நாளில் பெயர்த்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதன் நிழலிலேயே பறவை போட்ட விதையில் காட்டு எலுமிச்சையும் களாவும் முளைத்து நிற்கும், அவையும் சேர்ந்து போகும். கிளறிய மண்ணில் அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலமே மறுபடி முளைக்கும். மேலே மட்டும் வெட்டினாலும் பிரயோஜனம் இல்லை, தூரிலிருந்து நாலு மடங்காகத் துளிர்க்கும். கை ஆட்களை வைத்து, கால் ஏக்கர் அரை ஏக்கராக, மண்ணுக்குக் கீழே வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் அந்த மழைக்கே நாட்டு மரம் நடுங்கள். நட முடிகிற அளவுக்குத்தான் வெட்டவேண்டும். வெட்டிய விறகையோ கரியையோ ஊர் நடுவே ஏலம் விட்டு, பணத்தைக் காட்டுக் கணக்கில் போடுங்கள். வெட்டுக்கூலி இதுவரை கரி போட்டுப் பிழைத்தவர்களுக்கே போகட்டும்.

இன்னொரு களையான உண்ணிச்செடியையும் (லண்டானா) தரைமட்டத்தில் வெட்டாமல் வேர்க்கட்டையோடு பெயர்த்துத் தலைகீழாகப் போட்டுவிடுங்கள், காயட்டும். அதன் தண்டை விற்கவும் முடியும். கர்நாடகத்தில் மாதேஸ்வர மலைச் சோளகர்கள் அதில் நாற்காலி, மேசை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணிக்குச்சியில் செய்த ஆள் உயர, ஆனை உயர யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன.

6. விதை

பொறுமை வேண்டிய இடம் இதுதான், ஊருக்கு முதல் கூலி வருவதும் இங்கேதான்.

விதையை ஒரே மரத்தில் எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து தாய்மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், இல்லாவிட்டால் நாளைய காடு முழுக்க ஒரே மரத்தின் பிள்ளைகளாக இருக்கும். காய்த்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடவேண்டாம். மீதி கொண்டைக்குருவிக்கும் மரநாய்க்கும் வௌவாலுக்கும். உங்களுக்கு முன்னாலிருந்தே அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள் அவர்கள். ஆலமரத்தடியிலும் பனையடியிலும் எச்சத்தோடு விழுந்து முளைத்துக் கிடக்கும் நாற்றுகளைப் பாருங்கள், மழை நேரத்தில் மண்ணோடு பெயர்த்துப் பைக்கு மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

விதைகள் இரண்டு சாதி. நாள்பட வைத்தால் முளைப்புத் திறன் போய்விடுகிறவை ஒன்று: நாவல், வேம்பு எல்லாம் இப்படி. நாவலை ஆனி ஆடியில் பொறுக்கிச் சதையைக் கழுவி அந்த வாரமே போடவேண்டும், டப்பாவில் அடைத்து வைத்தால் அவ்வளவுதான். ஒரு நாவல் விதையில் இரண்டு மூன்று முளை வந்தால் பயப்படாதீர்கள், அதன் குணம் அது. இன்னொரு சாதி, தோல் கெட்டியாக வருடக்கணக்கில் தூங்குபவை: கொன்றை, உசிலை. கொன்றை விதையின் ஓரத்தைச் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்தி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் ஊதிப்பெருத்தவை முளைக்கும். ஊதாததை மறுபடி தேய்க்கவும்.

பாலைப் பழம் வைகாசி ஆனியில் மஞ்சளாகப் பழுக்கும், வேப்பம்பழம் அளவு. தித்திப்பு, ஆனால் பால் உதட்டில் பிசுபிசு என்று ஒட்டும். பழத்தைப் பிதுக்கினால் விதையைச் சுற்றிக் கோந்து மாதிரி சதை விடாது. தண்ணீரில் மட்டும் கழுவினால் போகாது, மணலோ சாம்பலோ போட்டுக் கையால் பிசையவேண்டும், அப்போதுதான் பளபளவென்று பழுப்பு விதை வெளியே வரும். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு மூழ்கியதை எடுங்கள். சதையோடு விதைத்தால் எறும்பும் பூஞ்சையும் தின்றுவிடும். முளைக்க நாளாகும், வளர்வதும் மெதுவு.

விதைக்குக் கிலோ கணக்கில் மட்டும் கூலி பேசாதீர்கள், ஒரே மரத்தை உலுக்கி மூட்டை கட்டிவிடுவார்கள். நாள் கூலி கொடுங்கள், புதிய தாய்மரம் காட்டுகிறவருக்கு மேலே கொஞ்சம் கொடுங்கள்.

7. நாற்றங்கால்

மகளிர் குழு நடத்துவது நல்லது. பெண்களே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சுக்காகச் சொல்லவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கும் கூட்டப் பதிவேடும் கடன் வாங்கிக் கட்டிய பழக்கமும் இருக்கிறது. தண்ணீர் உள்ள இடம், பாதி நிழல், ஆடு வராத வேலி, இது போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. மக்கிய என்பதை அடிக்கோடிடுங்கள். சீமைக்கருவேலக் காயை ஆடும் மாடும் விரும்பித் தின்னும், விதை சாணத்தோடு முழுசாக வெளியே வரும். பச்சை எருவைப் போட்டால் நீங்கள் அழிக்கப் பார்ப்பதை நீங்களே பையில் வளர்ப்பீர்கள்.

மெதுவாக வளரும் மரங்களுக்குச் சின்னப் பை வேண்டாம், வேர் உள்ளே சுருண்டு நட்ட பிறகும் சுருண்டபடியே இருக்கும். மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றுங்கள், ஆணிவேர் தரையில் இறங்காமல் இருக்கும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பு நிழலைக் குறைத்துத் தண்ணீரையும் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள்.

விலை வைக்கும்போது எல்லோரும் சறுக்குவது இங்கே. ஆயிரம் பை போட்டால் ஆயிரம் கன்று வராது. அறுநூறு தேறியது என்று வைத்துக்கொள்வோம். மண், பை, எரு, விதைக்கூலி, தண்ணீர் விட்ட கூலி எல்லாவற்றையும் அறுநூறால் வகுங்கள். பாலையும் கருங்காலியும் இரண்டு வருடம் பையில் நிற்கும், அந்த இரண்டு வருடக் கூலியும் விலையில் இருக்கவேண்டும். மலிவு நாற்றுப் பண்ணையோடு போட்டி போடாதீர்கள். அவர்களிடம் தூங்குமூஞ்சியும் குல்மொஹரும் கிடைக்கும், வீரை கிடைக்காது.

யார் வாங்குவார்கள்? 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்குப் பிறகு நாட்டு மரக் கன்றுக்குத் தேவை கூடியிருக்கிறது. பள்ளி, கம்பெனி, பண்ணை வீட்டுக்காரர்கள் உண்டு. பலர் நினைக்காத வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார்: சப்போட்டா நாற்றுப் பண்ணை. சப்போட்டாவை ஒட்டுக் கட்ட வேர்ச்செடியாக நிற்பது நம் பாலைதான். ஒட்டுக் கட்டும் பருமனில் பாலைக் கன்று வைத்திருந்தால் தேடி வருவார்கள். முன்கூட்டியே ஆர்டர் பேசி முன்பணம் வாங்கிக்கொண்டு விதைப்பது உத்தமம்.

8. நடவு

புரட்டாசியில் குழி, முதல் இரண்டு நல்ல மழை இறங்கியதும் நடவு. ஒன்றரை அடிக் குழி போதும். பத்தடிக்குப் பத்தடி என்றால் ஏக்கருக்கு 435 கன்று. இளங்கன்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இதில் பாதிகூட வேண்டாம், இருப்பதைச் சுற்றிக் களையெடுத்துப் பாத்தி கட்டினாலே எழுந்துவிடும். வெட்டவெளியில் முதலில் உசிலை, வேம்பு, கொன்றை, விராலி போன்ற வெயில் தாங்கிகள். வீரை, கருங்காலி, இரும்பிலி எல்லாம் நிழல் வந்த பிறகு அவற்றின் மறைவில். ஓரத்தில் களா, ஆதொண்டை, கொடிகள். இந்த முள்ளும் கொடியும்தான் அனல்காற்று உள்ளே போகாமல் தடுக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்று அதை வெட்டிவிடாதீர்கள். கம்பிவேலிக்குப் பணம் இல்லையென்றால் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு உயிர்வேலி.

சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடும் மியாவாக்கி முறையைப் பற்றிக் கேட்பார்கள். ஊருக்குள் சின்ன இடத்துக்குச் சரி. பழைய கோயில்காட்டை ஒட்டி எனக்கு அது பிடிக்காது: செலவு அதிகம், தண்ணீர் அதிகம், பறவைகள் தாமே கொண்டுவந்து போட இடமும் விடாது.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் கட்டாயம், வாரம் ஒருமுறையாவது. அதற்கான கூலியை நடும்போதே ஒதுக்கி வங்கியில் போடுங்கள். ஒதுக்க முடியாவிட்டால் நடும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

9. காட்டிலிருந்து என்ன எடுக்கலாம், எடுத்தால் யாருக்கு?

இலை, பூ, பழம், விதை எடுக்கலாம், அளவோடு. கிழங்கு, வேர், பட்டை காட்டிலிருந்து வேண்டவே வேண்டாம். உசிலை இலையைப் பறித்து நிழலில் காயவைத்து இடித்தால் அரப்புத் தூள், கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் இலை, பிரண்டை, நாவல் கொட்டை எல்லாம் விலை போகும். நன்னாரி, மாகாளிக்கிழங்கு போன்றவற்றைத் தோட்டத்தில் பயிராக வையுங்கள். ஊறுகாய்க்காகக் காட்டில் தோண்டித் தோண்டியே மாகாளி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. செங்காந்தளில் இதைவிட வினோதம். விதை ஏற்றுமதிக்காக வேதாரண்யத்திலும் மூலனூர்ப் பக்கமும் ஏக்கர் கணக்கில் பயிரிட்டார்கள், ஆனால் நடவுக் கிழங்கைக் காட்டில் தோண்டினார்கள். பயிர் என்று பேர் இருந்தாலும் நாற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

விற்கும்போது இடைத்தரகரிடம் தனித்தனியாகப் போகாமல் சேர்த்து விற்க முடியுமா பாருங்கள். மதுரையை மையமாகக் கொண்ட கிராம மூலிகைக் கம்பெனியில் மூலிகை சேகரிப்பவர்களே பங்குதாரர்கள். அந்த மாதிரி அமைப்போடு சேரலாம், அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதியலாம்.

பெரிய கம்பெனி ஒன்று செடியைத் தேடி வந்தால்? அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினரின் கதையைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 1987-இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள், களைப்புத் தெரியாமல் இருக்கத் தாங்கள் தின்ற ஆரோக்கியப்பச்சைப் பழத்தைக் காட்டினார்கள். திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவையிலுள்ள ஒரு வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது: 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும். இந்தத் தொகையில் பாதி, காணிகளுக்கு. பணத்தை வாங்க 1997-இல் ஒரு டிரஸ்ட் பதிந்தார்கள். உலகமே பாராட்டிய ஒப்பந்தம். ஆனால் செடியை யார் பயிரிடலாம் என்பதில் வனத்துறையோடு சிக்கல் வந்தது, டிரஸ்ட் கேரளக் காணிகளுக்கு மட்டும் என்று ஆனது, மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் காணிகள் அதில் இல்லை.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் கேட்கவேண்டியவை: மூலப்பொருளை எங்கிருந்து எடுப்பீர்கள், யார் பயிரிடுவார்கள், பணம் எந்தக் கணக்குக்கு வரும், பக்கத்து ஊருக்குப் பங்கு உண்டா. 2023-இல் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தைத் திருத்தியபோது பயிரிட்ட மூலிகைகளுக்குப் பயன்பகிர்விலிருந்து (வணிக வருமானத்தில் ஊருக்குப் பங்கு தரும் கடமை) விலக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அது பயிரிட்டதுதான் என்பதற்கான பிறப்பிடச் சான்று உங்கள் ஊர் உயிர்ப்பன்மைக் குழுவிடமிருந்து வரவேண்டும். நான்காம் படியில் ஃபைலில் தூங்கும் குழுவைத் தேடிப் பிடிக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.